வெப்சைட்டுக்குப் படங்களைச் சுருக்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் என் அண்ணனுக்கு (பெரியம்மா மகன்) நான்தான் வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். சேலைகளை அவரே போனில் படம் எடுத்து அவரே ஏற்றிக்கொள்வார். ஒரு நாள் கூப்பிட்டு, "தம்பி, சைட்டு தொறக்கவே மாட்டேங்குதாம்பா, கஸ்டமரு கேக்குறாங்க" என்றார். போய்ப் பார்த்தால் முதல் பக்கத்தில் 12 படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி, 5 எம்பி, போனில் எடுத்தது எடுத்தபடியே கிடக்கிறது. பக்கம் மொத்தம் 50 எம்பியைத் தாண்டியிருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்ததில் இருந்து பக்கத்துக் கடைக்காரர்கள், தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாய்ஸ் மெசேஜில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் எழுதி வைத்தது இது.

எல்லாம் படிக்க நேரமில்லை. ஒன்றே ஒன்று செய்வதென்றால் எதைச் செய்வது?

படத்தின் நீள அகலத்தைக் குறையுங்கள். தரத்தை அல்ல, பிக்சல் எண்ணிக்கையை.

போனில் எடுக்கும் படம் பொதுவாக 4000 × 3000 பிக்சல், அதாவது 1.2 கோடிப் புள்ளிகள். பார்க்கிறவர் போன் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல்தான். அவ்வளவு பெரிய படத்தை அனுப்பினாலும் அந்த போன் அதைச் சுருக்கித்தான் காட்டப்போகிறது. அதையே 1200 × 900 ஆக்கினால் 10.8 லட்சம் புள்ளிகள், பதினொன்றில் ஒரு பங்கு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, 4 எம்பி படம் பல சமயம் 200, 300 கேபிக்கு வந்துவிடும்.

நிறையப் பேர் இதை விட்டுவிட்டு, 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு சேமிக்கும்போது கேட்கும் தர எண்ணை மட்டும் 30, 20 என்று இறக்குவார்கள். ஃபைல் சிறுத்துவிடும், உண்மைதான். ஆனால் திரையில் காட்டும்போது பிரவுசர் அந்தப் படத்தைப் பிரித்து நினைவகத்தில் வைக்க வேண்டும், அங்கே ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 1.2 கோடிப் புள்ளிக்கு 48 எம்பி வரை போகும். ஃபைல் 4 எம்பியா 400 கேபியா என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. 12 படங்களுக்குப் பெருக்கிப் பாருங்கள். நெட் வேகமாக இருந்தும் விலை குறைந்த போன்களில் பக்கம் திக்கித் திக்கி நகர்வதற்கு இது ஒரு காரணம்.

(இன்னொன்று: கேமராவில் போட்டிருக்கும் 50 எம்பி மெகாபிக்சல், ஃபைல் அளவில் வரும் எம்பி மெகாபைட். "என் கேமரா 50 எம்பி, படம் 5 எம்பிதானே வருது, ஏமாத்திட்டாங்களா" என்று ஒருவர் கேட்டார். இல்லை, யாரும் ஏமாற்றவில்லை.)

சரி, அகலம் எத்தனை பிக்சல் வைப்பது?

பக்கத்தின் முழு அகலத்துக்கு வரும் படம் என்றால் 1600 போதும், கட்டுரைக்கு நடுவில் வரும் படத்துக்கு 1200, வரிசையாக அடுக்கிக் காட்டும் சின்னப் படங்களுக்கு 400 முதல் 600. சேலை மாதிரி பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய பொருளாக இருந்தால், தொட்டுப் பெரிதாக்கும்போது மட்டும் வருகிற மாதிரி 2000 பிக்சல் படம் ஒன்றைத் தனியாக வையுங்கள். ஜரிகையைப் பார்க்காமல் யாரும் பட்டு வாங்க மாட்டார்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டிபிஐயை 72 ஆக மாற்றச் சொல்கிறார்களே?

தேவையே இல்லை. அது அச்சகத்துக்கான குறிப்பு, ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி அடிக்க வேண்டும் என்று. பிரவுசர் பிக்சல்களை மட்டும்தான் எண்ணும். 300 என்று எழுதியிருந்தாலும் 72 என்று எழுதியிருந்தாலும் ஃபைல் அளவு அதேதான்.

ஜேபெக் (ஜேபிஜி என்பதும் இதுதான்) படம் எப்படிச் சுருங்குகிறது? எதைத் தூக்கிப் போடுகிறது?

4000 × 3000 படத்தைச் சுருக்காமல் வைத்தால் 36 எம்பி இருக்கும், ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். போன் உங்களிடம் 4 எம்பியாகக் கொடுக்கும்போதே ஒரு முறை சுருக்கித்தான் கொடுக்கிறது.

ஜேபெக் முதலில் படத்தை வெளிச்சம், நிறம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நன்றாகத் தெரியும், நிறத்தில் நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் பெரும்பாலும் நிறத் தகவலை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று கால் பங்காக்கிவிடும். அப்புறம் படத்தை 8 × 8 கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்தையும் புள்ளிகளாகப் பார்க்காமல், மெதுவாக மாறும் சாயல் எவ்வளவு, சட்சட்டென்று மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று 64 எண்களாக மாற்றி எழுதும். மாவு சலிப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்: கரடாக இருப்பது சல்லடையில் நிற்கும், நைசானது கீழே போய்விடும். நீங்கள் கொடுக்கும் தர எண்தான் சல்லடையின் கண்ணைத் தீர்மானிக்கும், எண் குறையக் குறையக் கண் பெரிதாகும். கண் பெரிதாகப் பெரிதாக நுணுக்கங்கள் எல்லாம் பூஜ்யமாகிக் கீழே போகும், வரிசையாக வரும் பூஜ்யங்களை எழுத இடமே வேண்டாம். தரத்தை ரொம்பக் குறைத்தால் படத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும் இல்லையா, அவை இந்த 8 × 8 கட்டங்களின் ஓரங்கள்தான்.

அந்த 64 எண் கணக்குக்கு அடிப்படை டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை அது. அதற்கு முன் 1972இல் இந்த யோசனைக்கு நிதி கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அகமது விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1992இல் ஜேபெக் தரநிலையாக வந்தபோது அந்தக் கணக்குதான் நடுவில் இருந்தது. இன்று உங்கள் போனில் இருக்கும் கல்யாண போட்டோ, வீடியோ பெரும்பாலானவற்றிலும் அதுவோ அதன் வாரிசோ ஓடிக்கொண்டிருக்கிறது.

தரம் எத்தனை வைக்க வேண்டும்? 80 என்றால் 80 சதவீதமா?

சதவீதம் இல்லை. அது சல்லடை எண், அவ்வளவுதான். ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80 ஆக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஃபோட்டோஷாப்பில் சேமிக்கும்போது 12 வரைதான் எண்ணே இருக்கும்.

ஜேபெக்குக்கு நான் 75 முதல் 82க்குள் வைப்பேன். 100 வைப்பது வீண், 95இல் இருந்து 100க்குப் போகும்போது ஃபைல் ஊதிப்போகும், கண்ணுக்கு ஒன்றும் கூடாது. ஆனால் எண்ணை நம்பி எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி தள்ளாதீர்கள். வெற்றுச் சுவர் முன் நிற்கிறவர் படம் 60இலும் நன்றாக இருக்கும், ஜரிகை நெருக்கமாக ஓடும் முந்தானை 80இலேயே கொஞ்சம் மழுங்கும்.

சொல்லப்போனால் படம் எடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போல ஒரு பொரிப் பொரி வரும், அதுவும் நுணுக்கம் என்றுதான் ஜேபெக் நினைக்கும், அதைக் காப்பாற்ற இடத்தை விரயம் செய்யும். அண்ணன் முதலில் சேலைகளை பூப்போட்ட பெட்ஷீட் மேல் விரித்து ராத்திரி டியூப்லைட்டில் எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவரில் மாட்டி, பகலில், ஜன்னல் பக்கமாக வைத்து எடுக்கச் சொன்னேன். அதே அளவு, அதே தரம், ஃபைல் கணிசமாகக் குறைந்தது. சேலையும் பார்க்க நன்றாக இருந்தது.

அரக்குச் சிவப்புச் சேலை வெப்சைட்டில் வேறு நிறமாகத் தெரிகிறதே, சுருக்கியதாலா?

இதில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது.

நிறமே மொத்தமாக வெளுத்திருந்தால், கலர் புரொஃபைல்தான் காரணமாக இருக்கும். ஐபோன் உள்பட சில போன்கள் டிஸ்பிளே பி3 என்ற அகலமான நிற வரம்பில் படம் எடுக்கும், படத்துக்குள் அதற்கு ஒரு குறிப்பும் இருக்கும். சில சுருக்கும் கருவிகள் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடும், பிரவுசர் அதைச் சாதாரணப் படம் என்று எண்ணி மங்கலாகக் காட்டும். சுருக்குவதற்கு முன்னால் எஸ்ஆர்ஜிபி என்ற சாதாரண நிற வரம்புக்கு மாற்றிவிடுங்கள், தீர்ந்தது.

நிறம் சரியாக இருந்து, சிவப்பும் பச்சையும் சேரும் ஓரங்கள் மட்டும் கசிந்தது போல இருந்தால் அது மேலே சொன்ன நிறக் குறைப்பு, குரோமா சப்சாம்பிளிங் என்பார்கள். சிவப்பில்தான் இது அதிகம் தெரியும். ஜேபெக் சேமிக்கும் இடத்தில் 4:2:0 (நிறத்தைக் கால் பங்காக்குவது) என்பதற்குப் பதில் 4:4:4 (நிறத்தைக் குறைக்காமல் விடுவது) என்று தேர்ந்தெடுத்தால் ஓரம் கூர்மையாகும், ஃபைல் கொஞ்சம் கூடும். நான் பட்டுச்சேலைக்கு மட்டும் இப்படிச் செய்கிறேன், சுங்குடிக்கும் வேட்டிக்கும் செய்வதில்லை.

தள்ளுபடி போஸ்டரில் எழுத்து அசிங்கமாக இருக்கிறது. ஏன்?

ஜேபெக் போட்டோவுக்காகச் செய்தது. எழுத்து என்றால் கறுப்பில் இருந்து வெள்ளைக்கு ஒரே தாவல், சல்லடையில் முதலில் விழுவது அதுதான். ஆங்கில எழுத்து கொஞ்சம் மழுங்கினாலும் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் க் என்பது க ஆகிவிடும், சின்ன அளவில் எழுதிய போஸ்டரில் புள்ளி பக்கத்து அழுக்கோடு கலந்துபோய் வாசிக்கிறவர் ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்றால் கேட்கவே வேண்டாம், நம் ஊர் தள்ளுபடி போஸ்டர் எல்லாமே அந்தக் கலர்தான்!

எழுத்தைப் படமாக்காதீர்கள் என்பதுதான் சரியான பதில். பின்னணியைப் படமாக வைத்து எழுத்தைப் பக்கத்திலேயே எழுத்தாக எழுதுங்கள், எடையும் குறையும், கூகுளும் படிக்கும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வாசிப்பான்களும் படிக்கும். முடியாது, டிசைனர் படமாகத்தான் கொடுத்தார் என்றால் நுணுக்கத்தைத் தூக்கிப் போடாத பட வகையில் சேமியுங்கள்: பிஎன்ஜி, அல்லது தரம் இழக்காத வெப்பி (இரண்டையும் பற்றிக் கீழே சொல்கிறேன்).

பிஎன்ஜி எப்போது, ஜேபெக் எப்போது?

லோகோ, ஸ்கிரீன்ஷாட், வரைபடம், பின்னணி தெரிகிற மாதிரி வெட்டிய படம் இவற்றுக்கு பிஎன்ஜி. கேமராவில் எடுத்த எதற்கும் பிஎன்ஜி வேண்டாம், "பிஎன்ஜிதான் குவாலிட்டி" என்று போட்டோவை மாற்றி வைத்து 300 கேபியை 2 எம்பி ஆக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜேபெக்கில் போன நுணுக்கம் பிஎன்ஜிக்கு மாற்றினால் திரும்பி வராது, போனது போனதுதான்.

பிஎன்ஜியைச் சுருக்க நல்ல வழி நிறங்களை 256க்குள் அடக்குவது. லோகோவில் எத்தனை நிறம் இருந்துவிடப் போகிறது? பாதிக்கு மேல் குறைவது சாதாரணம். லோகோ கோடுகளாக வரைந்ததாக இருந்தால் எஸ்விஜி இன்னும் மேல், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, பெரும்பாலும் சில கேபிதான் இருக்கும்.

ஜிஃபை மறந்துவிடலாம். 1987இல் வந்தது, 256 நிறத்துக்கு மேல் தாங்காது, அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைத் தகராறு வந்ததால்தான் 90களின் நடுவில் பிஎன்ஜியையே உருவாக்கினார்கள். அசையும் படம் வேண்டும் என்றால் சத்தமில்லாத சின்ன வீடியோவாகப் போடுங்கள், எடை பல மடங்கு குறையும்.

வெப்பி, அவிஃப் என்று புதிதாகச் சொல்கிறார்களே, மாறிவிடலாமா?

வெப்பிக்கு மாறலாம், யோசிக்க ஒன்றுமில்லை. கூகுள் 2010இல் கொண்டுவந்தது. 2020இல் ஆப்பிளின் சஃபாரியும் ஏற்றுக்கொண்டதால் இப்போது பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் திறக்கும். ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகுளின் கணக்கு, என் அனுபவத்தில் படத்துக்குப் படம் மாறும். ஒரு குறை: தரம் இழக்கும் வெப்பியில் 4:2:0 மட்டும்தான் உண்டு, அதனால் அந்த அரக்குச் சிவப்பு விஷயத்தில் அது கைகொடுக்காது.

அவிஃப் இன்னும் நன்றாகச் சுருக்கும், 4:4:4 உண்டு, குறைந்த தரத்தில் சதுரம் சதுரமாக உடையாமல் மெழுகு பூசியது போல வழவழப்பாகும். 2022இல் சஃபாரி ஏற்றதும் இதுவும் பரவலாகிவிட்டது. சேமிக்கத்தான் நேரம் பிடிக்கும், பழைய லேப்டாப் என்றால் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆனால் ஒன்று. 4000 பிக்சல் படத்தை அவிஃபாக மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறவரைவிட 1200 பிக்சல் பழைய ஜேபெக் வைத்திருக்கிறவர் சைட் நன்றாக ஓடும்.

வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி எடுத்தால் சின்னதாகிவிடுகிறதே, அது போதாதா?

அவசரத்துக்குப் போதும். சாதாரணமாக அனுப்பினால் அளவையும் குறைக்கும், தரத்தையும் குறைக்கும், எவ்வளவு என்பது உங்கள் கையில் இல்லை, அதுதான் சங்கடம். அதையே பின்னால் நீங்கள் ஒரு முறை சுருக்கினால் ஜேபெக் மேல் ஜேபெக், ஒவ்வொரு முறையும் சல்லடை. டிசைனருக்கு அனுப்பும் படத்தை மட்டும் தயவுசெய்து டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்படி அனுப்பினால் கை வைக்காது.

தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்கிறது. எப்படிக் கொண்டுவருவது?

வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ்ஸில் போட்டோ 200 × 230 பிக்சல், கையெழுத்து 140 × 60 என்று கேட்பார்கள். மற்ற தேர்வுகளுக்கு அந்தந்த அறிவிப்பைப் பாருங்கள். வரிசை முக்கியம்: முதலில் வெட்டுங்கள் (கிராப்), அப்புறம் சொன்ன பிக்சலுக்கு மாற்றுங்கள், கடைசியாகத் தர எண்ணை மேலும் கீழும் நகர்த்தி கேபியைப் பிடியுங்கள். விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற சின்ன மென்பொருள் இதற்கு அருமை, இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

கேபி குறைவாக வந்து மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு, "20க்குக் கீழே இருக்கிறது" என்று திருப்பி அனுப்பும். தரத்தை 95, 100 என்று ஏற்றுங்கள், இந்த ஓர் இடத்தில் 100க்கு வேலை இருக்கிறது. கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, நிழல் விழாமல் எடுங்கள்.

ஃபைல் பெயரில் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று திருத்திவிட்டால் ஜேபிஜி ஆகிவிடாது. பெயர்ப் பலகையை மாற்றினால் கடைக்குள் இருக்கும் சரக்கு மாறுமா? ஐபோனில் வரும் ஹெய்க் ஃபைலை இப்படிப் பெயர் மாற்றி ஏற்றித்தான் பலர் திண்டாடுகிறார்கள். ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனிமேல் எடுப்பது ஜேபெக்காகவே வரும்.

படங்களை ஜிப் செய்தால் குறையுமா?

குறையாது. ஏற்கெனவே பிழிந்த தேங்காய்ச் சக்கை.

ஆன்லைனில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்களில் ஏற்றலாமா?

சேலைப் படம் என்றால் தாராளமாக. ஆதார், மதிப்பெண் பட்டியல், குழந்தைகள் படம் என்றால் யோசியுங்கள், நீங்கள் ஏற்றும் படம் யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகிறது. ஸ்க்வூஷ் என்று கூகுள் குரோம் குழு 2018இல் வெளியிட்ட கருவி ஒன்று இருக்கிறது, அது உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும், படம் வெளியே போகாது. முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை: லொகேஷனை ஆன் செய்து எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். வீட்டில் வைத்து எடுத்து அப்படியே வெப்சைட்டில் போட்டால் வீட்டு விலாசத்தையே போட்டது போல. பெரும்பாலான சுருக்கும் கருவிகள் அந்தத் தகவலை நீக்கிவிடும், ஆனாலும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்த உதவும் மென்பொருள்) தானாகவே சுருக்கிவிடும் என்கிறார்களே?

ஓரளவு. நீங்கள் ஏற்றும் படத்தில் இருந்து பல அளவுகளைச் செய்து வைத்துக்கொள்ளும், 2560 பிக்சலுக்கு மேல் இருந்தால் குறைத்துவிடும், ஜேபெக் தரம் 82. ஆனால் மூலப் படமும் சர்வரில் கிடக்கும், ஹோஸ்டிங் இடம் நிறைந்துகொண்டே போகும். அதோடு தீம் (பக்கத்தின் வடிவமைப்பு) சரியில்லை என்றால் சின்னப் படம் வர வேண்டிய இடத்தில் பெரியதையே எடுத்துப் போடும். அண்ணன் சைட்டில் நடந்ததே அதுதான்.

எல்லாம் சுருக்கியாகிவிட்டது, இன்னும் மெதுவாகத்தான் திறக்கிறது?

முதலில், திரைக்குக் கீழே இருக்கும் படங்கள் நகர்த்தும்போது மட்டும் வருகிற மாதிரி 'லேசி லோடிங்' போட்டிருக்கிறதா பாருங்கள். அதே சமயம், பக்கம் திறந்ததும் கண்ணில் படும் முதல் பெரிய படத்துக்கு அதைப் போடக் கூடாது, போட்டால் அதுதான் கடைசியாக வந்து சேரும். பக்கத்தின் மிகப் பெரிய உருப்படி 2.5 விநாடிக்குள் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் நிரலில் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே இருப்பதெல்லாம் தள்ளிப்போகும், வாங்க என்ற பட்டனைத் தொடப் போன விரல் வேறெதையோ தொட்டுவிடும்.

ரசீது, பத்திரம் இவற்றையும் இப்படிச் சுருக்கலாமா?

கவனமாக. 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். கட்டட வரைபடத்தில் அறையின் பரப்பளவு மாறியிருந்தது, 6 இருந்த இடத்தில் 8 வந்தது. மங்கலாகவாவது இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும், ஆனால் எண் பளிச்சென்று இருந்தது, தப்பாக. ஜேபிக் 2 என்ற சுருக்கும் முறை ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளை ஒன்றாக எண்ணி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஒட்டியதால் வந்த வினை. ஜேபெக் இப்படிச் செய்யாது, அது மழுங்கத்தான் செய்யும். இருந்தாலும் பத்திரம், மருத்துவ அறிக்கை, கணக்குப் புத்தகம் இவற்றின் மூல ஸ்கேனை அப்படியே வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் ஒரு பிரதியைச் சுருக்குங்கள்.

மூலப் படங்களை அழித்துவிட்டேன், 400 பிக்சல் படம்தான் இருக்கிறது. பெரிதாக்க முடியுமா?

பெரிதாக்கித் தருகிற ஏஐ கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவை இல்லாத நுணுக்கத்தைக் கற்பனையாக வரையும். முகத்துக்கு அது பரவாயில்லை என்று சிலர் விடலாம். சேலைக்கு வேண்டாம், நெசவில் இல்லாத மாங்காயைப் படத்தில் காட்டி விற்றால் சேலை திரும்பி வரும். அண்ணனிடம் இப்படி அழிந்துபோன படங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. விற்காமல் இருந்த சேலைகளை மறுபடி வெள்ளைச் சுவரில் மாட்டி எடுத்தோம், விற்றுப்போனவற்றைப் பட்டியலில் இருந்து தூக்கிவிட்டோம்.